கரண்ட் போனால் எங்களுக்கு ஒத்திகை

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெயின்ட் அடைக்கிற தகர டப்பா செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், பேக்கிங் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் ஏரியில் இறால் பிடிப்பார். அம்மா அதைக் கூடையில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்கு வருவாள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். கம்பெனி வாசலில் இறங்கும்போது என் தாவணியிலும் மீன் வாசனை அடிக்கும். அதற்கெல்லாம் நான் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறொன்று நடந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு டான்ஸ் என்றால் உயிர். திருவிழாவில், பள்ளிக்கூட விழாவில், கல்யாண வீட்டில், எங்கே மேளச் சத்தம் கேட்டாலும் கால் நிற்காது. அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு நாடக நடிகை பொன்னேரியில் இருந்தார். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய் அடவுகள் கற்றுக்கொண்டேன். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குக் குரூப் டான்ஸ் அமைக்கும் ஒரு மாஸ்டரை அவருக்குத் தெரியும். ஒரு நாள் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, போய்ப் பார் என்றார்.

சினிமா என்றதும் அம்மா பிடி கொடுக்கவில்லை. குப்பத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம். நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் அடம் பிடித்ததில், "ஒரே ஒரு வாட்டி. நானும் கூட வருவேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் அந்த ஹால் இருந்தது. படி ஏறி உள்ளே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது. தலையிலிருந்து கால் வரை என்னை நானே பார்த்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பரவாயில்லையே, நாம் இவ்வளவு நன்றாக இருக்கிறோமா என்று தோன்றியது. இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

எட்டு எட்டுப் பேராக வரிசையில் நிற்க வைத்தார்கள். மாஸ்டர் எதிரே நின்று அடிகளை ஆடிக் காட்டினார். பிறகு ரிக்கார்டு போட்டார்கள். நான் மாஸ்டரையும் பார்க்கவில்லை, பக்கத்தில் யார் என்றும் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஆடினேன். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தால் போதாது என்று நினைத்து, திரும்பும் இடத்தில் ஜடையை ஒரு வீசு வீசிக் கையை விரித்தேன். 'ஐயோ' என்று ஒரு குரல் கேட்டது. என் முழங்கை பக்கத்துப் பெண்ணின் மூக்கில் இடித்திருந்தது. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரிக்கார்டு நின்றது. ஹால் முழுக்க என்னைப் பார்த்தது.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அமைதியாகச் சொன்னார்: "நல்லா ஆடறேம்மா. ஆனா பக்கத்துல ஆள் இருக்கறதே உனக்குத் தெரியல. குரூப்ல ஆடறவங்களுக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதான். வரிசையில நின்னு பழகிட்டு மூணு மாசம் கழிச்சு வா."

"எங்க சார் பழகறது?" என்று கேட்டேன். அதை நீயேதான் தேடிக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி கையை விரித்துவிட்டு அடுத்த வரிசையைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டே அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கரி என்ஜின் வண்டி. ஜன்னல் வழியே கரித்தூள் வந்து கண்ணில் விழுந்ததாகச் சொல்லி அழுதுகொண்டே வந்தேன். பொன்னேரி தாண்டிய பிறகு அம்மா தானாகவே பேசினாள்.

"நீ ஆடறப்ப நல்லாதான் கீது. நான் கதவாண்டருந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு மூக்குதான் பாவம்."

நான் தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொரு வாட்டி போய்ட்டு வா. அதுலயும் வாணாம்னுட்டா இத்தோட உட்டுடணும். டப்பா கம்பெனியே போதும்னு இருந்துடணும். இன்னா சொல்றே?"

சரி என்று தலையாட்டினேன். ஆனால் வரிசையில் நின்று பழகுவது எப்படி? அடவு சொல்லிக் கொடுத்த பொன்னேரி அம்மா வீட்டில் நான் ஒருத்திதான் மாணவி. எங்கள் குப்பத்தில் டான்ஸ் ஆட யார் வருவார்கள்? வரிசைக்கு எங்கே போவது?

திங்கட்கிழமை கம்பெனியில் என் முகத்தைப் பார்த்ததுமே பக்கத்தில் நின்ற அக்கா கண்டுபிடித்துவிட்டார். புதுவாயலிலிருந்து வருகிறவர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் குண்டு. எப்போதும் சிரித்த முகம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். டான்ஸுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சினிமா பார்த்தாலும் பாட்டு வந்தால் முறுக்கு வாங்க எழுந்து போகிற ஆள்.

எங்கள் வேலை இதுதான். நீளமான ஒரு மேஜைக்கு முன்னால் எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்போம். பிரஸ் மெஷினிலிருந்து வரும் டப்பாக்களைத் துடைத்து, மூடியைப் போட்டு, அட்டைப் பெட்டியில் எட்டு எட்டாக இரண்டு அடுக்கு அடுக்க வேண்டும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் எல்லார் விரலிலும் துணி சுற்றியிருக்கும். நான் துடைத்துக்கொண்டே, மெஷின் சத்தத்துக்கு நடுவில், மூக்கை இடித்த கதை முழுவதையும் அக்காவிடம் கத்திக் கத்திச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கேட்டார்: "வரிசதானே வோணும்? நாம எட்டு பேரு இங்க இன்னா பண்ணிக்கினு கீறோம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் காட்டினார். எட்டுப் பேர். வரிசையாக.

அந்த நாட்களில் கரண்ட் கட் அதிகம். எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போனால் பிரஸ் மெஷின் நின்றுவிடும். தகர ஷெட்டுக்குள் உட்கார முடியாத சூடு. எல்லாரும் வெளியே வந்து ஷெட்டின் கிழக்குப் பக்கத்து நிழலில், சிமென்ட் தரையில் உட்கார்ந்து கதை பேசுவோம். அந்த வாரம் முதல்முறையாகக் கரண்ட் போனதும் அக்கா எல்லாரையும் கிளப்பினார். "எந்திரிங்கடி. இந்தப் பொண்ணுக்கு ஒரு வரிச வோணுமாம்" என்றார்.

ஒருத்திக்கு வெட்கம். ஒருத்திக்குச் சிரிப்பு. ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற பெண் மட்டும், "எங்க மாமியார்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஆடறேன்" என்றாள். சத்தியம் செய்தோம். சிமென்ட் தரையில் இரண்டு பாளத்துக்கு நடுவே ஒரு கோடு இருந்தது. எல்லாரும் கால் கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்து நின்றோம். நான் மூன்றாவது. அக்கா நான்காவது.

பாட்டு கிடையாது. ரேடியோவும் கிடையாது. நான் அடியைக் காட்டினேன். எல்லாரும் தாறுமாறாக ஆடி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, வயிறு வலிக்கச் சிரித்ததுதான் முதல் நாள் ஒத்திகை.

இரண்டாவது நாளிலிருந்து அக்கா கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். நாள் முழுக்க எட்டு எட்டாக டப்பா அடுக்குகிறவர் அல்லவா? "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர் எண்ண ஆரம்பித்தால் கடிகாரம் தோற்றுவிடும். நானோ அதுவரை பாட்டின் வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஆடியிருக்கிறேன். வரி இல்லாவிட்டால் எனக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியாது. ஆடத் தெரியாத ஏழு பேரும் எண்ணிக்கையில் ஆடினார்கள். ஆடத் தெரிந்த நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

இன்னொரு பெரிய தொல்லை இடது வலது. மாஸ்டர் எதிரே நின்று காட்டும்போது அவருடைய வலது நம்முடைய இடது. முதல் தடவை அதிலும் குழம்பியிருந்தேன். அதற்கு அக்காவையே மாஸ்டராக எதிரே நிற்க வைத்தேன். விரலில் சுற்றுகிற துணியில் ஒன்றை அவர் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டு, அந்தத் துணி போகும் பக்கம் என் இடது கை போக வேண்டும் என்று பழகினேன். இப்படி எனக்குக் காட்டிக் காட்டியே எல்லா அடியும் அக்காவுக்கு இரண்டு பக்கமும் பாடமாகிவிட்டது. இதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் ஆடிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் வந்துவிட்டார். சிரிக்கவே தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நாங்களும் தூக்கிய காலை இறக்காமல் நின்றோம்.

"இன்னா நடக்குது இங்க?"

அக்காதான் பதில் சொன்னார். "காலு மரத்துப் போச்சு சார். ஒதறிக்கினு கீறோம்."

"எட்டு பேருக்கும் ஒரே மாதிரி மரத்துப் போச்சா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என்னால் இவர்களுக்கும் போகிறதே! நான் முன்னால் வந்து, எல்லாம் என்னால்தான் சார் என்று நடந்ததைச் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். பிறகு, "இன்னொரு வாட்டி ஆடுங்க" என்றார்.

மறுபடி கோட்டில் நின்று ஆடினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினில் கோளாறு பார்க்கிற மாதிரி எங்களை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை பார்த்தார்.

"மூணாவது ஆளு லேட்டா திரும்புது" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மூன்றாவது ஆள் நான்! ஏழு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை. திரும்பும்போது ஜடையை வீசுவதற்காக நான் அரை நொடி எடுத்துக்கொள்கிறேன். கோடம்பாக்கத்தில் மூக்கை இடித்ததும் அதே இடத்தில்தான். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் ஜடையைப் பிடித்து இழுத்துக் கொண்டையாகச் சுற்றி முடிந்துவிட்டார். "இப்ப வீசு பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒத்திகை நேரத்தில் எனக்குக் கொண்டைதான். தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணால் மட்டும் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பார்த்து நேராக நிற்க மெதுவாகப் பழகினேன். கொஞ்ச நாளில் பார்க்கவும் தேவைப்படவில்லை. அக்கா மூச்சு இழுத்தாலே அடுத்த அடி வருகிறது என்று என் காலுக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி மாஸ்டரிடமிருந்து தகவல் வந்ததாகப் பொன்னேரி அம்மா சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல். தனியாக அனுப்ப மாட்டேன் என்றாள். புதுவாயல் அக்கா குழந்தையைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, டிபன் கேரியரில் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். சென்ட்ரல் வரை பாசஞ்சர் வண்டி. அங்கிருந்து ரோட்டைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷன் போய் மின்சார ரயில். அக்காவுக்கு மின்சார ரயில் அதுதான் முதல் தடவை. "இன்னாடி இது, பொகயே இல்லாம ஓடுது" என்று ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மடியில் விரலால் எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி எல்லாம் முடிந்தது.

அதே மாடி, அதே ஹால். இந்தத் தடவை கண்ணாடிப் பக்கம் நான் திரும்பவில்லை. அக்கா கதவோரம் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் வரிசையில் எட்டுப் பேர். மாஸ்டர் புதிதாக நாலு எட்டு எண்ணிக்கைக்கு அடிகளைக் கோத்துக் காட்டினார். எல்லாம் நாங்கள் ஷெட் நிழலில் ஆடிய அடிகள்தான், வரிசைதான் வேறு; கதவோரம் அக்காவின் விரல்கள் கேரியர் மூடியில் எண்ணிக்கொண்டிருந்தன. இரண்டாவது முறை பார்த்துப் பழகும்போது என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வேறு ஆள் இல்லை. ஏழு பேராக நின்றால் வரிசை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். மாஸ்டரின் உதவியாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அக்காவைக் கை காட்டினார்.

"யம்மா, கொஞ்சம் வாங்க. ஆட வேணாம். இந்த எடத்துல சும்மா நின்னா போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். டிபன் கேரியரைக் கால் பிசகிய பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்து என் பக்கத்தில் நின்றார். கம்பெனியில் நிற்கும் அதே இடம். எனக்குள் ஒரு நிம்மதி வந்ததைச் சொல்லிமாளாது.

ரிக்கார்டு ஓட ஆரம்பித்தது. சும்மா நிற்கச் சொன்ன அக்காவின் காலும் என்னோடு சேர்ந்து புறப்பட்டது. முதல் எட்டு சரியாகப் போனது. இரண்டாவது எட்டின் பாதியில் பாட்டு இழுத்தது. கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி நீண்டு, தேய்ந்து, நின்றே போனது. மேலே சுற்றிய மின்விசிறிகளும் நின்றன. கரண்ட் போய்விட்டது.

வரிசையில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உண்மையைச் சொல்வதென்றால் என் காலும் தயங்கியது. ஆனால் அக்கா நிற்கவில்லை. மூன்று மாதமாகக் கரண்ட் போனால் ஆடி ஆடி அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. கரண்ட் போனால் ஆட்டம் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லையே! "அஞ்சு, ஆறு" என்று அவர் வாய்க்குள் முனகியது என் காதில் விழுந்தது. 'ஏழு'க்கு என் கால் தானாக எழுந்தது. 'எட்டு'க்கு இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம்.

அதற்கப்புறம் அந்த ஹாலில் எங்கள் நாலு கால் தரையில் படும் சத்தம் மட்டும்தான். மூன்றாவது எட்டு தொடங்கும்போது இந்தப் பக்கத்தில் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். அக்கா இப்போது வாய்விட்டே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு" என்று புதுவாயல் தமிழில், பெட்டிக்குள் டப்பா அடுக்குகிற அதே குரலில். நாலாவது எட்டில் எட்டுப் பேரும் ஆடினோம். உட்கார்ந்து எழ வேண்டிய இடத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுந்தோம். உதவியாளர் எங்களை நிறுத்த வாயெடுத்தபோது மாஸ்டர் கையைத் தூக்கி அவரைத் தடுத்ததை நான் கடைக்கண்ணால் பார்த்தேன். கடைசி 'எட்டு'க்கு எட்டுப் பேர் காலும் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தன.

வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எழுந்து நேராக அக்காவிடம் வந்தார்.

"நீங்க எந்த குரூப்மா?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "டப்பா கம்பெனி சார்."

அந்த ஹாலில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்தது. மாஸ்டரும் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முழித்துக்கொண்டு நின்றார். பிறகு மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"மூக்கை ஒடைச்ச பொண்ணுதானே நீ? புதன்கிழமை காலையில ரிகர்சலுக்கு வந்துடு."

அவ்வளவுதான் சொன்னார். அது காதில் விழுந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் மாஸ்டர் இன்னொன்றும் கேட்டார். "நீங்களும் வர்றீங்களாம்மா?"

அக்கா சட்டென்று பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நொடி அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை, அத்தனை பக்கத்தில் இருந்ததால் நான் பார்த்தேன். பிறகு எப்போதும் போலச் சிரித்தார்.

"நமக்கு வாணாம் சார். சின்னக் கொயந்த கீது. கேட்டீங்களே, அதுவே சந்தோசம்."

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமே இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். "ஏன்க்கா வாணாம்னுட்டே?" என்று கேட்டேன். "போடி, எனக்கு இன்னாத்துக்கு" என்றார். ஆனால் மீஞ்சூர் தாண்டும்போது பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவரின் கால் வண்டியின் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. வரிசை வேண்டும் என்று கேட்டது நான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அக்கா என்னைத் திட்டினார். "நல்ல நாளும் அதுவுமா அழுதுக்கினு வராதே. கோடம்பாக்கத்து மாஸ்டரே என்னைக் கூப்ட்டாரு, நான்தான் வாணாம்னுட்டேன். இதை வச்சே நான் பத்து வருசம் ஓட்டுவேன், பாரு."

சொன்னபடியே ஓட்டினார். மறுநாள் கம்பெனியில் மெஷின் சத்தத்தையும் மீறி இந்தக் கதை எட்டுத் திசைக்கும் போய்விட்டது. சூப்பர்வைசர் காது வரைக்கும் போயிருக்க வேண்டும். நான் வேலையை விட்டு நிற்கப்போவதாகச் சொல்லப் போனபோது அவர் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இப்ப திரும்பறது சரியாயிடுச்சா?" என்று கேட்டார். ஆயிடுச்சு சார் என்றேன். உதட்டோரத்தில் லேசாக ஒரு கோணல் தெரிந்தது. அதைச் சிரிப்பு என்றுதான் நாங்கள் எட்டுப் பேரும் முடிவு செய்தோம்.

முதல் படப்பிடிப்பில் பதினாறு பெண்கள் இரண்டு வரிசையாக ஆடினோம். ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் சில பெண்கள் துவண்டுபோனார்கள். தகர ஷெட்டில் நின்றவளுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. மாஸ்டர் எதிரே நின்று ஒரு தடவை காட்டினால் போதும், என் இடது கை தானாகப் புறப்பட்டுவிடும்.

அந்தப் படம் பொன்னேரி தியேட்டருக்கு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு எல்லாரும் போனோம். அம்மா, அக்கா, அவர் மகள், மேஜை முன்னால் எங்களோடு நின்ற மற்ற ஆறு பேர். ஆரம்பாக்கத்துப் பெண் தன் மாமியாரையும் அழைத்து வந்திருந்தாள். ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டு எப்போது வரும் எப்போது வரும் என்று கதையை யாரும் கவனிக்கவில்லை. பாட்டு வந்தால் முறுக்கு வாங்கப் போகும் அக்கா அன்றைக்குப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வந்தது. கதாநாயகிக்குப் பின்னால் பதினாறு பெண்கள். எல்லாருக்கும் ஒரே புடவை, ஒரே கொண்டை, ஒரே பூ. "தோ, தோ, நம்ம பொண்ணு!" என்று அக்கா எழுந்து நின்று கையை நீட்டினார். மற்றவர்களும் எழுந்து கைதட்டினார்கள். விசில்கூட யாரோ அடித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அக்கா காட்டிய இடத்தைப் பார்த்தேன். அது நான் இல்லை. வேறொரு பெண். அவசர அவசரமாக என்னைத் தேடினேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. பதினாறு பேரில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை! அந்த அளவுக்கு நேராக நின்றிருக்கிறேன்.

வெளியே வந்ததும் அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் விரல்களைச் சொடுக்கித் திருஷ்டி கழித்து, "அயகா கீறடி அதுல" என்றாள். நான் மறுக்கவில்லை. அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் ஆடினேன். அந்தச் சம்பாத்தியத்தில்தான் குப்பத்தில் ஓட்டு வீடு கட்டினோம். இவ்வளவு படத்தில் ஆடியும் உன் முகம் ஒன்றில்கூடத் தெரியவில்லையே என்று என்னிடம் பரிதாபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. தங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும், எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று, கால் கடுக்க நின்று வேலை பார்த்த களைப்போடு ஏழு பெண்கள் என்னோடு ஆடினார்களே, அதை நினைத்தால் முட்டி வலிக்கிற இந்த வயதிலும் எழுந்து நாலு அடி ஆட வேண்டும்போல் இருக்கிறது.